பழைய ஹோம்ஸ்கூல் புத்தகங்களை விற்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கும் குடும்பங்களில் ஒரு வருஷப் பாடம் முடிந்ததும் அலமாரி நிறையப் புத்தகம் மிஞ்சும். அதை விற்பது பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கரிகுலம் என்று நான் சொல்வது முழு செட்டையும் சேர்த்துத்தான்: பாடநூல், ஆசிரியர் கையேடு, ஒர்க்புக், தேர்வுத்தாள், விடைப் புத்தகம், அட்டைகள், கணக்குக் கட்டைகள், சிடி எல்லாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் வாங்குகிறவர் அதை நம்பித் தன் பிள்ளையின் ஒரு வருஷப் படிப்பை ஆரம்பிக்கப் போகிறார். மூன்றாவது மாதத்தில் விடைப் புத்தகம் வேறு பதிப்பு என்று தெரிந்தால் அந்த வீட்டில் கணக்குப் பாடமே நின்றுபோகும். அதனால் கீழே இருப்பதில் பெரும்பகுதி, என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சரியாகச் சொல்வது எப்படி என்பதைப் பற்றித்தான்.

எது விற்கும், எது விற்காது?

இன்னொரு பிள்ளையும் பயன்படுத்தக் கூடியது எதுவும் விற்கும். கெட்டி அட்டைப் பாடநூல், ஆசிரியர் கையேடு, கதைபோலச் சொல்லும் வரலாற்றுப் புத்தகம், கணக்குக் கட்டைகள், எழுத்து அட்டைகள் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. ஒரு பிள்ளை எழுதினால் தீர்ந்துபோகும் ஒர்க்புக், ஸ்டிக்கர் புத்தகம், கிழித்தெடுக்கும் தேர்வுத்தாள் ஆகியவை வெற்றாக இருந்தால் மட்டும்தான் போகும். ஆசிரியர் கையேட்டைப் பலர் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஒர்க்புக்கைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம், கையேடு மட்டும் பழையது கிடைத்தால் செலவு பாதியாகக் குறையும் என்று கணக்குப் போடும் வீடுகள் நிறைய.

அறிவியல் கிட் விற்பவர்கள் கண்ணாடிக் குடுவை, லென்ஸ், காந்தம் போன்றவற்றை மட்டும் கொடுங்கள். மிச்சமிருக்கும் அமிலம், ஸ்பிரிட் போன்றவற்றைப் பார்சலில் போடாதீர்கள். தபாலில் அவற்றுக்கு அனுமதி கிடைக்காது, பாட்டில் கசிந்தால் மற்ற பார்சல்களும் நாசம்.

ஒர்க்புக்கில் கொஞ்சம்தான் எழுதியிருக்கிறது, விற்கலாமா?

விற்கலாம், எந்தெந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டு. "சில பக்கங்களில் எழுதியிருக்கிறது" என்று பொதுவாகச் சொன்னால் வாங்குகிறவருக்கு எதுவும் புரியாது. "பக்கம் 1 முதல் 14 வரை பென்சிலில் எழுதி அழித்திருக்கிறது, லேசாகத் தடம் தெரியும், 15-லிருந்து வெற்று" என்று சொல்லுங்கள். பேனாவில் எழுதியிருந்தால் அதையும் சொல்லுங்கள். பாதிக்கு மேல் எழுதிய ஒர்க்புக்குக்குத் தனியாக விலை போடாதீர்கள். செட்டோடு சும்மா சேர்த்துக் கொடுத்தால், அடுத்த வீட்டு அம்மாவோ அப்பாவோ பாடம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொள்ள உதவும்.

பதிப்பு இவ்வளவு முக்கியமா? அட்டை ஒரே மாதிரிதானே இருக்கிறது?

இந்தத் தொழிலில் சண்டை வருவதே பெரும்பாலும் இங்கேதான். கையேட்டில் "இன்று ஒர்க்புக் பக்கம் 43" என்று போட்டிருக்கும். பிள்ளை 43-ஐத் திறந்தால் அங்கே பின்னம் இருக்க வேண்டிய இடத்தில் கடிகாரம் பார்ப்பது இருக்கும். பெயர் ஒன்று, வகுப்பு ஒன்று, படம்கூட ஒன்றுதான், பதிப்பு மட்டும் வேறு.

வீட்டுக்கல்வியில் பரவலாகப் பயன்படும் இரண்டு கணக்குப் பாடங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சாக்ஸன் அல்ஜீப்ரா 1 மூன்றாம் பதிப்பில் ஜியோமெட்ரி உள்ளேயே கலந்து வரும். நான்காம் பதிப்பு வந்தபோது ஜியோமெட்ரியைப் பிரித்துத் தனிப் புத்தகமாகப் போட்டுவிட்டார்கள். நான்காம் பதிப்பை மூன்றாம் பதிப்பு என்று நினைத்து வாங்கினவர், ஜியோமெட்ரி தானாக முடிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பார். சிங்கப்பூர் கணக்கான பிரைமரி மேத்தமேடிக்ஸில் யுஎஸ் பதிப்பு, ஸ்டாண்டர்ட்ஸ் பதிப்பு, காமன் கோர் பதிப்பு, 2022 பதிப்பு என்று நான்கு உண்டு. ஒன்றின் கையேட்டை இன்னொன்றின் ஒர்க்புக்கோடு ஓட்ட முடியாது. அதோடு ஒவ்வொரு வகுப்பும் 3ஏ, 3பி என்று இரண்டு பாதியாக வரும். 3ஏ மட்டும் கையில் வைத்துக்கொண்டு "மூன்றாம் வகுப்பு கணக்கு" என்று விளம்பரம் போட்டால், வாங்குகிறவர் முழு வருஷத்துக்கும் இருக்கிறது என்றுதான் நினைப்பார்.

சரி, என்ன பதிப்பு என்று எங்கே பார்ப்பது?

தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் பின்னால் காப்புரிமை விவரம் அச்சிட்ட பக்கம் இருக்கும். பதிப்பு, வருஷம், ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு புத்தகத்தையும் அடையாளம் காட்டும் எண்) மூன்றும் அங்கே கிடைக்கும். 2007 ஜனவரியிலிருந்து ஐஎஸ்பிஎன் 13 இலக்கம், அதற்கு முன்பு 10. உங்கள் புத்தகத்தில் 10 இலக்கம் மட்டும் இருந்தால் அது பழைய அச்சு என்று தெரிந்துகொள்ளலாம். புதிய பதிப்பு என்றால் புதிய எண் கொடுப்பார்கள், அதே புத்தகத்தை அப்படியே மறுபடி அச்சடித்தால் எண் மாறாது. சில புத்தகங்களில் அதே பக்கத்தின் அடியில் "10 9 8 7 6 5 4" என்று ஒரு வரிசை இருக்கும். அதில் இருக்கும் மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டுவது, இந்த வரிசையில் அது நான்காவது அச்சு. பதிப்பையும் அச்சையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நான்காவது அச்சு என்றால் நான்காம் பதிப்பு என்று அர்த்தமில்லை.

இன்னொரு விஷயம். செட்டுக்கு என்று ஒரு ஐஎஸ்பிஎன், உள்ளே இருக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனி ஐஎஸ்பிஎன் இருப்பதுண்டு. பெட்டியில் இருக்கும் எண்ணைப் போட்டுவிட்டு உள்ளேயிருந்து ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் விற்றால், எண்ணை வைத்துத் தேடுகிறவர் முழு செட்டும் கிடைக்கிறது என்று நம்பிப் பணம் அனுப்புவார். எந்தப் பொருளைக் கொடுக்கிறீர்களோ அதன் எண்ணையே போடுங்கள்.

பத்து, இருபது வருஷத்துக்கு முந்தைய புத்தகத்தை யாராவது வாங்குவார்களா?

பாடத்தைப் பொறுத்தது. இலக்கணம், எழுத்துப் பயிற்சி, தொடக்கக் கணக்கு, இலக்கியம் எல்லாம் வயதானாலும் கெடாது. சில பழைய பதிப்புகளைத்தான் தேடித் தேடி வாங்குவார்கள், புதிய பதிப்பு பிடிக்காதவர்கள் எங்கேயும் உண்டு. அறிவியல், புவியியல், கம்ப்யூட்டர் இவற்றில் வருஷத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2006-க்கு முன்பு அச்சான வானியல் புத்தகத்தில் புளூட்டோ ஒன்பதாவது கோளாக இருக்கும். 2011-க்கு முந்தைய அட்லஸில் தென் சூடான் தனி நாடாக இருக்காது. 113, 115, 117, 118 ஆகிய தனிமங்களுக்குப் பெயர் முடிவானது 2016-ல்தான், அதனால் அதற்கு முந்தைய தனிம அட்டவணையில் அந்தப் பெயர்களைத் தேடினாலும் கிடைக்காது. இதனால் புத்தகமே வீண் என்று ஆகிவிடாது, சொல்லிக்கொடுக்கிறவர் ஓரிடத்தில் திருத்திக்கொள்ளலாம். அதை முன்கூட்டியே தெரிந்து வாங்கட்டும், அவ்வளவுதான்.

கட்டை, அட்டை, காய் எல்லாம் முழுசாக இருக்கிறதா என்று நிச்சயமில்லை. அப்படியே விற்கலாமா?

எண்ணிவிட்டு விற்கலாம். நீளத்துக்கு ஒரு நிறமாக வரும் குயிசனேர் கணக்குக் கட்டைகளையே பாருங்கள். சிறிய செட் என்றால் வழக்கமாக 74 கட்டை: வெள்ளை 22, சிவப்பு 12, இளம்பச்சை 10, ஊதா 6, மற்ற ஆறு நிறங்களும் நான்கு நான்கு. தரையில் கொட்டி நிறவாரியாகப் பிரித்தால் ஐந்து நிமிஷ வேலை. காணாமல் போவது பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் வெள்ளைக் கட்டைதான், சோபா இடுக்கில் தேடுங்கள். வெள்ளையில் மூன்று குறைந்தால் பெரிய பாதிப்பில்லை, பத்து சென்டிமீட்டர் ஆரஞ்சில் இரண்டு குறைந்தால் பத்து பத்தாக எண்ணும் பாடத்தில் இடிக்கும். அதனால் "சில காணவில்லை" என்று விடாமல் எந்த நிறத்தில் எத்தனை என்று எழுதுங்கள்.

எழுத்து அட்டைகளையும் இப்படியே வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். ஓரெழுத்து இல்லாவிட்டாலும் வாசிக்கப் பழகும் குழந்தைக்கு எந்தெந்தச் சொல் கட்ட முடியாமல் போகும் என்று யோசித்தால் எண்ணிப் பார்ப்பதன் அவசியம் புரியும். சிடி, டிவிடி இருந்தால் போட்டு ஓட்டிப் பாருங்கள். அட்டைப் பெட்டி பளபளவென்று இருக்கும், உள்ளே தட்டு கீறியிருக்கும், அல்லது தட்டே வேறு வகுப்பினுடையதாக இருக்கும்.

காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை மறுபடி விற்பது சட்டப்படி சரியா?

சரிதான். உண்மையான அச்சுப் பிரதியை ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிட்டால் அந்தப் பிரதியை விற்கவோ யாருக்காவது கொடுக்கவோ உங்களுக்கு உரிமை உண்டு என்பது பல நாடுகளில் சட்டமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் 1908-லேயே இது உச்ச நீதிமன்றம் வரை போனது. குறிப்பிட்ட விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று ஒரு பதிப்பகம் புத்தகத்திலேயே அச்சடித்திருந்தது, அது செல்லாது என்று தீர்ப்பானது. 2013-ல் அதே நீதிமன்றம், வெளிநாட்டில் சட்டப்படி அச்சாகி விற்கப்பட்ட பாடநூலை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து விற்பதும் சரியே என்றது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவிலும், ஒருமுறை விற்பனையான பிரதி ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதாகக் கருதப்படும் என்று இருக்கிறது.

இது அச்சுப் பிரதிக்கு. பிடிஎஃப் கதை வேறு.

பிடிஎஃப், ஆன்லைன் கோர்ஸ், ஆக்டிவேஷன் கோட் எல்லாம்?

காசு கொடுத்து இறக்கிய பிடிஎஃப்பை விற்காதீர்கள். பெரும்பாலும் நீங்கள் வாங்கியது பயன்படுத்தும் அனுமதிதான், அதுவும் ஒரு குடும்பத்துக்கு. இதில் நீதிமன்றங்களும் அச்சுப் புத்தகத்துக்குக் கொடுத்த சலுகையைக் கொடுக்கவில்லை. மின்புத்தகத்தை செகண்ட் ஹேண்டாக விற்பதை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் ஏற்க மறுத்தது. ஆன்லைன் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுப்பதும் பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனைக்கு எதிரானது. ஒருமுறை சுரண்டிப் பயன்படுத்திய கோட் மறுபடி வேலை செய்யாது, அதனால் புத்தகத்தின் பின்னட்டையில் "ஆன்லைன் வீடியோ உண்டு" என்று அச்சிட்டிருந்தால், விளம்பரத்தில் "கோட் பயன்படுத்தியாகிவிட்டது" என்று நீங்கள் எழுதியே ஆக வேண்டும். சில நிறுவனங்கள் உரிமத்தை ஒருமுறை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க அனுமதிக்கும். அவர்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு ஒரிஜினலை விற்கலாமா?

கூடாது. சில பாடத்தொகுப்புகளில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி போட்டிருக்கும். அது புத்தகம் உங்களிடம் இருக்கும்வரைதான். நகலை வைத்துக்கொண்டு மூலத்தை விற்றால் ஒரு புத்தகத்தின் காசில் இரண்டு வீடு படிக்கிறது. வீட்டுக்கல்விப் புத்தகங்களில் நிறைய சிறிய பதிப்பகங்கள் போடுபவை, சிலவற்றை ஒரு குடும்பமே எழுதி அச்சடித்து அனுப்புகிறது. அவர்கள் வயிற்றில் அடித்துவிட்டு அடுத்த பாகம் எப்போது வரும் என்று காத்திருப்பது நியாயமே இல்லை. இளைய பிள்ளைக்கு வேண்டும் என்றால் ஒரிஜினலை விற்காமல் வைத்திருங்கள்.

ஆசிரியர் பதிப்பைப் போட்டால் சில விற்பனைத் தளங்கள் நீக்கிவிடுகின்றனவே?

பள்ளி, கல்லூரி மாணவர்கள் விடைகளை முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் சில தளங்கள் ஆசிரியர் பதிப்பையும் விடைப் புத்தகத்தையும் அனுமதிப்பதில்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கு அது இல்லாமல் எப்படி நடக்கும் என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனாலும் பெயரை மாற்றி ஒளித்துப் போடாதீர்கள், கணக்கையே முடக்கிவிடுவார்கள். அந்தத் தளத்தின் விதியைப் படித்துவிட்டு, வீட்டுக்கல்விப் பெற்றோர் மட்டும் இருக்கும் குழுக்களில் போடுங்கள்.

என்ன விலை வைப்பது?

அதே பதிப்பின் இன்றைய புது விலையைப் பாருங்கள், நீங்கள் வாங்கிய அன்றைய விலையை மறந்துவிடுங்கள். அழுக்கில்லாமல், முழு செட்டாக, இப்போதும் விற்பனையில் இருக்கும் பதிப்பாக இருந்தால் புது விலையில் பாதியை ஒட்டி ஆரம்பிக்கலாம். கோடு போட்டது, மூலை மடங்கியது, முதுகு பிளந்தது என்றால் மூன்றில் ஒரு பங்கு. புதிய பதிப்பு வந்துவிட்டால் இன்னும் இறங்க வேண்டியதுதான். அச்சில் இல்லாத, ஆனால் ஆட்கள் தேடும் புத்தகம் என்றால் புது விலையைவிடக் கூடவும் போகும்.

மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் விளம்பரத்தில் இருப்பது ஆசைதான். ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி தேடலாம், அங்கே தெரிவதுதான் சந்தை விலை. அப்புறம் அனுப்பும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். பழைய விலையும் தபால் செலவும் சேர்ந்து புது விலைக்குப் பக்கத்தில் வந்தால் யாரும் பழையதை வாங்க மாட்டார்கள். அதிலும் கணக்குக் கட்டைகள், பைண்டர் மாதிரி கனமான சாமான்களை எடை போடாமல் விலை சொல்லவே சொல்லாதீர்கள்.

முழு செட்டாக விற்பதா, பிரித்து விற்பதா?

ஒன்றையொன்று நம்பியிருக்கும் புத்தகங்களைப் பிரிக்காதீர்கள். கையேடும் விடைப் புத்தகமும் ஒன்றாகப் போகட்டும். கையேட்டுக்கு உடனே ஆள் வருகிறது என்று அதை மட்டும் கொடுத்தால், மிச்சம் உங்கள் வீட்டிலேயே தங்கிவிடும். கதைப் புத்தகங்களை வேண்டுமானால் தனியாகக் கொடுக்கலாம், ஏற்கெனவே பாதி கதைகள் பலர் வீட்டில் இருக்கும். வெவ்வேறு நிறுவனப் பாடங்களைக் கட்டிப்போட்டு "நான்காம் வகுப்பு முழுவதும்" என்று விற்கப் பார்ப்பவர்கள் உண்டு, அது அவ்வளவாகப் போவதில்லை. ஒரு பிள்ளை கணக்கில் நான்காம் நிலையிலும் வாசிப்பில் ஆறாம் நிலையிலும் இருப்பதுதானே வீட்டுக்கல்வியின் அழகு.

எப்போது விளம்பரம் போடுவது?

உங்கள் பகுதியில் புதிய கல்வியாண்டு தொடங்குவதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்பு. அந்தச் சமயத்தில்தான் பெற்றோர் அடுத்த வருஷத்துக்கு எது என்று முடிவு செய்துகொண்டிருப்பார்கள். வருஷ நடுவிலும் ஒரு சின்ன அலை வரும், எடுத்த பாடம் பிள்ளைக்கு ஒத்துவராமல் மாற்றுகிறவர்கள் அப்போது தேடுவார்கள்.

எங்கே விற்பது?

நேரில் கைமாற்றுவதே எனக்குப் பிடித்தது. வீட்டுக்கல்விக் குடும்பங்கள் சேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறை புத்தகச் சந்தை போடும் ஊர்கள் உண்டு, அங்கே வாங்குகிறவர் புரட்டிப் பார்த்து, நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டு, மனசு நிறைந்து வாங்கிப் போவார். இல்லாவிட்டால் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் விதி இருக்கும், விலை போடாமல் "இன்பாக்ஸ் வாருங்கள்" என்றால் பல குழுக்களில் எடுத்துவிடுவார்கள். பெரிய விற்பனைத் தளங்களில் கூட்டம் அதிகம், கமிஷனும் உண்டு. பழைய புத்தகக் கடையில் மொத்தமாகக் கொடுத்தால் அலைச்சல் மிச்சம், கையில் வருவது குறைவு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பத்து பார்சல் கட்ட முடியாதவர்களுக்கு அதுவே நல்ல வழி.

விளம்பரத்தில் என்ன எழுத வேண்டும்?

இப்படி எழுதினால் போதும்:

"மூன்றாம் வகுப்பு கணக்கு, இரண்டாம் பதிப்பு, 2015. ஆசிரியர் கையேடு, பாடநூல், விடைப் புத்தகம், வெற்று ஒர்க்புக் ஒன்று. இல்லாதவை: தேர்வுப் புத்தகம், சிடி. கையேட்டில் ஓரத்தில் பென்சில் குறிப்புகள், பக்கம் 60 வரை. பாடநூலின் பின்னட்டையில் தண்ணீர்க் கறை, உள்ளே பரவவில்லை. வீட்டில் பூனை உண்டு, யாரும் புகைபிடிப்பதில்லை. ஐஎஸ்பிஎன் எண்கள் படத்தில்."

இல்லாதவை என்ற வரியைக் கடைசியில் சின்னதாகப் போடாமல் மேலேயே போடுங்கள். பூனை, புகை விவரம் எதற்கு என்று கேட்கலாம். ஆஸ்துமா, ஒவ்வாமை இருக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு அது முதல் கேள்வி. கையேட்டில் நீங்கள் எழுதிய குறிப்புகளுக்கு வெட்கப்பட வேண்டாம். "இந்தப் பாடத்தை இரண்டு நாளாகப் பிரி" என்று ஓரத்தில் இருந்தால், அடுத்து சொல்லிக்கொடுக்கப் போகிறவர் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்.

படம் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். முன்னட்டை, பின்னட்டை, முதுகு, பதிப்பு விவரப் பக்கம், அப்புறம் இருப்பதிலேயே மோசமான பக்கம். அந்தக் கடைசிப் படம்தான் பின்னால் வரும் தகராறைத் தடுக்கும். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, முகவரி எழுதிய பக்கம் படத்தில் வந்துவிடாமல் பாருங்கள். விற்கும் முன்பு புத்தகத்திலிருந்தும் அதை அழியுங்கள், அல்லது மேலே ஒரு தாள் ஒட்டிவிடுங்கள்.

அழுக்கு, ஸ்டிக்கர், வாடை, பூச்சி: எப்படிச் சரிசெய்வது?

பென்சில் எழுத்துக்கு மென்மையான வெள்ளை ரப்பர். பக்கத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தேயுங்கள், முன்னும் பின்னும் தேய்த்தால் தாள் மடங்கிக் கிழியும். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டாமல் ஹேர் டிரையர் சூட்டைக் கொஞ்சம் காட்டினால் பசை இளகி வந்துவிடும். வழவழப்பான அட்டையைச் சற்றே ஈரமான துணியால் துடைத்து உடனே காயவிடுங்கள்.

சில்வர்ஃபிஷ் போன்ற பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்தால் புத்தகத்தை ஜிப் பையில் காற்றில்லாமல் மூடி ஃப்ரீஸரில் வைக்கலாம். நூலகங்களில் மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரமாவது வைப்பார்கள், வீட்டு ஃப்ரீஸர் என்றால் இரண்டு வாரம் விடுங்கள். எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள், அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த தாளில் ஈரம் படியும். பூஞ்சணத்துக்கு இந்த வைத்தியம் உதவாது, குளிரில் அது தூங்குமே தவிரச் சாகாது. வாடை அடித்து, புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்த புத்தகத்தை விற்காதீர்கள், மற்ற புத்தகங்களோடு வைக்கவும் வேண்டாம். ஒரு அலமாரி முழுவதும் பரவிவிடும், வாங்குகிறவர் வீட்டு அலமாரியும் சேர்த்துத்தான்.

"எனக்கே எடுத்து வையுங்கள், அடுத்த வாரம் பணம் தருகிறேன்" என்கிறார்கள்...

ஒரு கெடு சொல்லுங்கள். "நாளை இரவு வரை வைக்கிறேன், அதற்குப் பிறகு அடுத்தவர்" என்று தெளிவாகச் சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கேட்ட வரிசையில் கொடுங்கள். நடுவில் ஒருவர் கூடக் கொடுக்கிறேன் என்று வந்தால் முதலில் கேட்டவரைக் கைவிடாதீர்கள், வீட்டுக்கல்விக் குழுக்கள் சிறியவை, உங்கள் சொல்லுக்குத்தான் அங்கே மதிப்பு. பேரம் பேசினால் கோபப்படாதீர்கள். ஒரே வருமானத்தில் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வீடு அது என்றால் நான் விலையைக் குறைத்துக் கொடுக்கத்தான் சொல்வேன்.

பணம் வாங்குவதில் மோசடி நடக்குமா?

நடக்கும். கேட்ட விலையைவிட அதிகமாக அனுப்பிவிட்டதாகச் சொல்லி மிச்சத்தைத் திருப்பிக் கேட்பது பழைய வித்தை, அந்த முதல் பணம் வந்தே இருக்காது, அல்லது பிறகு திரும்பிப் போய்விடும். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், உங்கள் கணக்கைத் திறந்து பணம் ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். உங்களுக்குப் பணம் வந்துசேர ரகசிய எண்ணோ (PIN) ஓடிபியோ தேவையே இல்லை, யாராவது கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். புத்தகத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் உடனே முழு விலைக்கும் சரி என்று சொல்லி, தன் ஆள் வந்து எடுத்துக்கொள்வார் என்பவரிடம் கவனமாக இருங்கள். உண்மையான பெற்றோர் பதிப்பு என்ன என்று கேட்காமல் இருக்க மாட்டார். நேரில் சந்திப்பதானால் ஆட்கள் நடமாடும் பொது இடத்தில், பகலில்.

பார்சல் கட்டுவது?

முதலில் பிளாஸ்டிக் கவர், மழைக்கு அதுதான் காப்பு. அதன்மேல் அட்டை, மூலைகளுக்குக் கூடுதல் அட்டை, அப்புறம் பெட்டி. புத்தகங்களைப் படுக்க வையுங்கள், அல்லது முதுகு கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். திறக்கும் பக்கம் கீழே இருந்தால் தாள்களின் கனமே பைண்டிங்கைப் பிய்த்துவிடும். உள்ளே இடைவெளி விடாமல் தாளைக் கசக்கி அடையுங்கள், பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. ஸ்பைரல் கம்பி பக்கத்துப் புத்தகத்தின் அட்டையைக் கீறாமல் நடுவில் ஓர் அட்டை. பெரிய ஒரே பெட்டியைவிடச் சிறிய இரண்டு நல்லது, கனமான பெட்டிதான் வழியில் அடி பிளந்து போகும்.

புத்தகங்களுக்கென்று குறைந்த கட்டணத்தில் தனிச் சேவை உங்கள் நாட்டுத் தபாலில் இருக்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்காவில் மீடியா மெயில் அப்படிப்பட்டது. அதில் பெட்டியைத் திறந்து பார்க்கும் உரிமை தபால்துறைக்கு உண்டு, பொம்மை, கணக்குக் கட்டை எல்லாம் அதில் சேர்க்கக் கூடாது. டிராக்கிங் எண்ணை அன்றைக்கே வாங்கியவருக்கு அனுப்பிவிடுங்கள்.

வாங்கியவர் குறை சொன்னால்?

நீங்கள் சொல்லாத குறை இருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், தபால் செலவோடு. சொன்ன குறைதான் என்றால் விளம்பரத்தையும் படத்தையும் காட்டிப் பொறுமையாகப் பேசுங்கள். பாடம் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பி வாங்க வேண்டிய கட்டாயமில்லை.

எதை விற்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்?

பிள்ளை எழுதி முடித்த வேலை. வீட்டுக்கல்விக்குப் பதிவேடும் மாதிரி வேலைகளும் காட்டச் சொல்லும் இடங்கள் உண்டு, உங்கள் பகுதி விதியைப் பார்த்துவிட்டு அதற்குத் தேவையானதை முதலில் எடுத்து வையுங்கள். மேல்நிலைப் பாடம் என்றால் பொருளடக்கப் பக்கத்தையும் ஐஎஸ்பிஎன் எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் என்ன படித்தீர்கள் என்று கல்லூரியில் கேட்டால் பாட விவரம் எழுத உதவும். இளைய பிள்ளைக்கு ஆகும் என்று எல்லாவற்றையும் வைத்திருப்பது பற்றியும் கேட்பார்கள். இரண்டு வருஷத்துக்குள் தேவைப்படும் என்றால் வைத்திருங்கள். ஆறு வருஷம் கழித்து என்றால் இப்போதே விற்பது நல்லது, அதற்குள் பதிப்பு மாறிவிடும், ஒர்க்புக் தனியாகக் கிடைக்காமல் போகும்.

எவ்வளவு இறக்கியும் விற்காவிட்டால்?

கொடுத்துவிடுங்கள். இப்போதுதான் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கும் ஒரு குடும்பம் உங்கள் குழுவிலேயே இருக்கும். நூலகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பாடநூலை வாங்காத நூலகங்கள் பல. எழுதி முடித்த ஒர்க்புக், பூஞ்சணம் இல்லாத கிழிந்த புத்தகம் இவற்றைப் பழைய பேப்பரில் போடலாம். ஸ்பைரல் கம்பியையும் பிளாஸ்டிக் அட்டையையும் முதலில் கழற்றிவிடுங்கள், பெயர் எழுதிய பக்கங்களைக் கிழித்தெடுத்த பிறகு போடுங்கள்.